பெயர் சொல்ல வேண்டாம்

ஹார்லன் ப்ரூயிட்டின் முதல் வேலை
பன்றி விலை வாசிப்பது.
கான்சாஸில் சலைனா, தீவனக் கடை மாடி,
காலை ஐந்தே முக்கால்.
நூறு பவுண்டு இருபத்திரண்டு டாலர்,
நேற்றைவிட எட்டு சென்ட் சரிவு.
பிறகு ஒரு பாட்டு. பிறகு சோளம். பிறகு ஒரு பாட்டு.
விலை வாசிக்கையில் யாரும் முள்ளைத் திருப்புவதில்லை,
பாட்டு வந்தால்தான் திருப்புகிறார்கள்.
பத்தொன்பது வயதில் இதைக் கண்டுபிடித்தான்.
உறுத்திக்கொண்டே இருந்தது.

மதியங்களில் மளிகைக் கடை வாசலில்
ஒரு நோட்டோடு நிற்பான்.
கார்கள் வந்து நிற்கும். ஆகஸ்டு மாதம்,
கண்ணாடிகள் இறங்கியிருக்கும்.
பாட்டு முடியும்வரை சாவியைத் திருகாதவர் யார்?
ஒரு கோடு.
பின்சீட்டில் பிள்ளை வீறிட்டும் இறங்காதவளுக்கு
இரண்டு கோடு.
அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன்.
ஓர் எழுத்து கிடையாது,
பக்கம் பக்கமாகச் சிறைச்சுவர் மாதிரி.

நான் அவனுக்கு டைப் அடித்தவள்.
செயின்ட் லூயிஸில் ஏழு வருஷம்,
நியூயார்க்கில் பதினாறு.
எழுபத்து நான்கு மார்ச்சில்
அவன் நடந்துகொண்டே சொல்ல நான் அடித்த குறிப்பு:
"அறிவிப்பாளர்கள் கவனத்துக்கு.
இனிப் பாட்டின் பெயர் வேண்டாம்.
பாடியவர் பெயரும் வேண்டாம்.
பெயர் சொல்ல ஆறு விநாடி ஆகிறது.
ஆறு விநாடியில் ஒரு விரல்
எவ்வளவு தூரம் போகும் தெரியுமா?"

இரவுப்பணி லெராய் டன்னிகன்
"பிள்ளையைத் தூக்கிக் காட்டிவிட்டு
பெற்றவள் யாரென்று சொல்லாமல் போவதா" என்று
கதவை அறைந்துவிட்டுப் போனான்.
திரும்பி வரவில்லை.
அந்த வருஷமே ஒன்பதாம் இடத்தில் இருந்த நிலையம்
முதல் இடத்துக்கு வந்தது.
எனக்கும் சம்பளம் கூடிற்று, அதை மறைப்பானேன்.

பிறகு தொலைக்காட்சி.
பாட்டுக்கு முகம் முளைத்துவிட்டது என்றார்கள்.
செவ்வாய்தோறும் நாற்பத்து மூன்றாம் மாடியில் கூட்டம்.
ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் அட்டை:
சிவப்புப் பொட்டு என்றால் நாளுக்கு ஏழு முறை,
பச்சை என்றால் இரண்டு,
பொட்டில்லாதது கூடைக்கு.
ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்ப்பான்.
கண் நகராமல் நின்றால் போதும்,
காதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பான்.

அப்படி ஒரு செவ்வாயில் மெம்ஃபிஸ்காரி ஒருத்தி,
டெலோரா பிக்கெட்.
சமையல்கட்டு மேசை, ஒரே கேமரா, அசையவே இல்லை.
உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே
வாயசைக்கிறாள்.
நாற்பது விநாடி பார்த்தான்.
"உருளைக்கிழங்கு" என்றான்.
அறையே சிரித்தது. நானும்தான்.
அடுத்த அட்டை.
சாயங்காலம் கூடையிலிருந்து அந்த நாடாவை எடுத்து
கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இரண்டு நிறுவனங்கள் மணம் புரிந்துகொண்டதில்
வேலை போயிற்று அவனுக்கு.
கேக் வெட்டினார்கள். பெயரை ஐசிங்கில் தப்பாக எழுதியிருந்தார்கள்.

போன நவம்பரில் தொலைபேசி.
நியூ ஜெர்சியில் ஏதோ மருந்துக்கடை வாசல்.
மூட்டுவலி மாத்திரை வாங்கப் போனவன்
காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்.
"மார்லிஸ், இதைக் கேள்" என்று
கைபேசியை ஒலிபெருக்கிமேல் வைத்தான்.
மழை. வைப்பர். அதற்கடியில்
அவசரமே இல்லாத ஒரு பெண்குரல்.
"யார் இவள்? எங்கே இருந்தாள் இத்தனை நாள்?
முடிந்ததும் பெயர் சொல்வார்களா?"

சொல்ல மாட்டார்கள்.
அந்த நிலையத்தில் இப்போது ஆளே இல்லை,
எந்திரம்தான்.
அவன் குறிப்பைப் பிசகாமல் பின்பற்றும்
ஒரே ஊழியர்.

பெயர் எனக்குத் தெரியும்.
நாக்கு நுனிவரை வந்துவிட்டது, உருளைக்கிழங்கு.
அவன் இன்னும் சாவியைத் திருகவில்லை,
இன்ஜின் ஓடுவது கேட்கிறது.
முடியட்டும் இரு என்றேன்.
மேசையில் கிடந்த மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
ஒரு கோடு போட்டேன்.